நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பொட்டு

எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் அது ஆயுத பூஜை அன்று நடந்ததாகவே சொல்கிறார்கள். கதையில் பொட்டு வருவதால் அப்படித் தோன்றுகிறது போலும். என் ஆறாம் வகுப்பு நோட்டு வேறு மாதிரி சொல்கிறது. ஆவணி மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கு அதில் குறிப்பு இருக்கிறது. வியாழன்: "இன்ஜெக்டர் நான்கு வந்தது. நீல மூடி." வெள்ளி: "வண்டி சரியாக ஓடவில்லை." ஆயுத பூஜைக்கு அப்போது ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வெள்ளிக்கிழமைக் குறிப்பில் காரணம் எழுதப்படவில்லை. காரணம் நான்தான்.

அப்பா குவைத்தில் இருந்ததால் அம்மாவும் நானும் ஆலங்குடிக்குப் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். அது என்னைவிட நான்கு வயது மூத்தது. முப்பது வருஷ சர்வீஸில் ஓர் ஆட்டுக்குட்டிமேல்கூட ஏற்றியதில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை.

"ஆட்டுக்குட்டிக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சிச்சு, ஒதுங்கிக்கிருச்சு" என்பாள் பெரியம்மா.

அந்த வருஷம் பெரியப்பாவின் கண் மோசமாகியிருந்தது. சர்க்கரை நோய் கண்ணின் உள்ளே போய்விட்டது, போன பார்வை திரும்பாது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தார். கூடப் போனது பெரியம்மா மட்டும். திரும்பி வந்து "சொட்டு மருந்து குடுத்திருக்காரு" என்றார் பெரியப்பா. பெரியம்மா அவரை மறுத்துப் பேசவில்லை. அவரிடம் எதையும் வேண்டாம் என்று நேராகச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. வேண்டாததைச் சொல்லப் பெரியம்மாவுக்குக் கேலிதான் வழி.

காரில் நான் முன் சீட்டில் உட்காருவேன். எதிரே வரும் பஸ்ஸின் போர்டு, மைல் கல், வேகத்தடை எல்லாவற்றையும் நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். தமிழ் வாசிப்பு திருந்துவதற்காக அப்படிச் செய்யச் சொல்கிறார் என்று நினைத்து, ஒன்று விடாமல் சொல்வேன். ஆடி மாதத்தில் ஒருநாள் தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கு இல்லாமல் ஓரமாக நின்றது. அதற்கு போர்டு எதுவும் இல்லாததால் நான் சொல்லவில்லை. கை அகலம் விட்டு வண்டி விலகியது. பின் சீட்டிலிருந்து பெரியம்மா "மாரியாத்தா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து நான் காரில் ஏறப் போகும்போதெல்லாம், எனக்கு எண்ணெய் வைக்கவோ பாடம் கேட்கவோ பெரியம்மாவுக்கு ஒரு வேலை வந்துவிடும்.

பதினைந்து ஆண்டு ஆன வண்டியைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சோதனையும் உண்டு. எங்கள் கார் ஆலை மாதிரிப் புகைத்தது. வீட்டில் ஓட்டை ஒடிசல் எதையும் குறை சொல்லாமல் விடாத பெரியம்மா, அந்தப் புகையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பொகையில பாஸாகலேன்னா வண்டிய எடைக்குப் போட்டுர்றேன். பாஸாயிட்டா அஞ்சு வருசத்துக்கு எவரும் வாயத் தெறக்கக் கூடாது" என்று பெரியப்பா அறிவித்தார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, எஞ்சினில் ஒன்றும் இல்லை, டீசலை உள்ளே தெளிக்கும் இன்ஜெக்டர்கள்தான் தேய்ந்துவிட்டன, நான்கையும் மாற்றினால் புகை நின்றுவிடும் என்றார். திங்கட்கிழமை சோதனைக்கு நாள் குறித்தாயிற்று.

வியாழன் மாலை புது இன்ஜெக்டர்கள் வந்தன. என் நடுவிரலைவிடச் சற்று நீளம், நல்ல கனம். டீசல் நுழையும் வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீல பிளாஸ்டிக் மூடி. "மூடியத் தொறந்துறாதீங்க. தூசி ஒண்ணு போனாலும் முடிஞ்சிச்சு" என்று பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் அப்போது டியூஷனில் இருந்தேன். இதைப் பிற்பாடு அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் சாமி முன் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் எடுப்போம். மிக்ஸி, மோட்டார், என் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. காலையில் பெரியம்மா இன்ஜெக்டர்களைப் பித்தளைத் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தாள்.

"மூடிமேலயே வச்சிரவா பெரியம்மா?"

பெரியம்மா வாசலில் நின்ற காரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "மூடிக்கா பொட்டு? கழட்டிட்டு வை ஆத்தா" என்றாள்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. மூடிகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன். திருநீறு, அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று நான்கு வாய்க்கும் ஒரே அளவாக வைத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தபோது திரும்பவும் தொட்டு வைத்தேன். பெரியம்மா கற்பூரம் காட்டினாள். பெரியப்பா வந்து கும்பிட்டுவிட்டு ஓர் இன்ஜெக்டரைக் கையில் எடுத்தார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் வாயை ஒருமுறை தடவினார். பிறகு தட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். நான் மூடிகளைத் திரும்பப் பூட்டிப் பெட்டியில் அடுக்கினேன்.

பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்ததும் சிரித்தார். "பொட்டெல்லாம் வச்சாச்சு. தாலி ஒண்ணுதான் பாக்கி." வெளியே ஒட்டியிருந்த குங்குமத்தைத் துணியால் துடைத்தார். பழைய இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, புதிய செப்பு வாஷர் போட்டுப் புதியவற்றை மாட்டினார். டீசல் பைப்புகளில் காற்றை எடுத்தார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. பெரியம்மா நிழலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் மொத்த வண்டியும் குளிர் ஜுரம் வந்ததுபோல் உதறியது. கரும்புகைக்குப் பதிலாக இப்போது வெள்ளைப் புகை வந்தது. மெக்கானிக் ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு பைப்பாகத் தளர்த்திப் பார்த்தார். நல்ல இன்ஜெக்டரின் பைப்பைத் தளர்த்தினால் சத்தம் மாற வேண்டுமாம். மூன்றாவதில் மாறவே இல்லை. அதைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணிமேல் தட்டினார். செம்மண் குழம்பு மாதிரி ஏதோ விழுந்தது. விரலில் தொட்டு மோந்தார்.

"அண்ணே, சந்தன வாசம் வருதுண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜெக்டரின் ஊசி இறுகிவிட்டது, மற்ற மூன்றும் சீக்கிரம் இப்படித்தான் ஆகும் என்றார். "பயப்படாதீங்க. புதுக்கோட்டையில பம்ப் கடையில குடுத்துக் கழுவி டெஸ்ட் பண்ணிரலாம். நாளைக்கே வாங்கியாந்துர்றேன். திங்கக்கெழமைக்கு வண்டி ரெடி."

பெரியப்பா துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு பொதுவாகக் கேட்டார்: "மூடியக் கழட்டச் சொன்னது யாரு?"

பெரியம்மாவின் விரல் கீரைக் காம்பில் அப்படியே நின்றது. குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. பெரியவர்களுக்கு விழும் திட்டைவிடப் பிள்ளைகளுக்கு விழும் திட்டு சின்னது என்பது என் கணக்கு.

"யாரும் சொல்லல. நானாத்தான் கழட்டுனேன்" என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று எழுதுவது பழக்கத்தால்தான். நான் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிப் பார்த்தார்.

"சரி ஆத்தா" என்றார். பிறகு மெக்கானிக்கிடம், "விட்ரு தம்பி. கழுவ வேண்டாம்."

"ஒரு நாள் வேலைதாண்ணே. ஈசியா…"

"வேண்டாம்னு சொல்றேன்ல. வண்டிய நீயே ஓட்டிட்டுப் போ. எடைக்குப் போடு, இல்ல பார்ட்ஸ எடுத்துக்க. ஒன் இஷ்டம்."

மெக்கானிக் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கழற்றிய இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். உதறிக்கொண்டே கார் தெருமுனை திரும்பியது. பெரியப்பா சத்தம் ஓயும்வரை நின்று கேட்டார்.

முப்பது வருஷம் டீசல் வண்டியோடு இருந்த ஒருவரின் கட்டைவிரலுக்கு அந்தத் தூள் தெரியாமல் போயிருக்காது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மாவை நான் காப்பாற்றிவிட்டேன் என்பதுதான். பெரியப்பா நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "மோர் இருக்கா?" என்று கேட்டார். பெரியம்மா எழுந்த வேகத்தில் மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது. மோரைக் கொண்டுவந்து டம்ளரை அவர் கையில் வைத்து, அவர் விரல்களை அதைச் சுற்றி மடக்கினாள். அவள் கண்ணிலிருந்து நீர் ஒழுகியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திட்டு யாருக்குமே விழவில்லையே, பெரியம்மா எதற்கு அழுகிறாள் என்று யோசித்தபடி கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.