பிட்காயின் மெஷினுக்கு ஓடைத் தண்ணியில் கரண்ட் கொடுத்த கதை

குழி எங்கே தோண்டுவது

"சிவா, நாங்க ஒரு மைனிங் போடுவோம்" என்று ருவன் தொரை சொன்ன அன்று நான் டர்பைன் ரூமில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே நான் எலக்ட்ரீஷியன். ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருந்தது.

என் மச்சான் குருவிட்டயில் மாணிக்கக் குழியில் வேலை செய்பவர். எங்கள் பக்கத்தில் மைனிங் என்றால் கல் தோண்டுவதுதான். அதனால், "எந்த எடத்துல சார் தோண்டப் போறோம்? ஓடைப் பக்கமா?" என்று கேட்டேன்.

"தோண்ட வேணாம் சிவா. சின்னப் பெட்டி மாதிரி ஒரு மெஷின். கரண்ட் குடுத்தா அது பிட்காயின் எடுக்கும்."

"எங்கருந்து சார் எடுக்கும்?"

"கணக்குல இருந்து" என்றார்.

தோட்டம் கொழும்பிலுள்ள ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். ருவன் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ரப்பர் மரம் பார்க்க வந்தவர். சிங்களவர் என்றாலும் பால் வெட்டுகிறவர்களோடு பழகிப் பழகி எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். என் சர்வீஸில் நான் செய்த வீண் வயரிங்கில் பெரும்பகுதி நல்ல மனிதர்களின் யோசனைகளுக்காகத்தான்.

இந்த யோசனைக்குக் காரணம் ஒரு ட்ரம். எங்கள் தோட்டத்தில் ஓடைத் தண்ணியில் சுற்றும் பழைய டர்பைன் ஒன்று உண்டு. பங்களாவுக்கும், பாதை விளக்குகளுக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தண்ணி ஏற்றும் பம்புக்கும் அதுதான் கரண்ட். எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகு மிஞ்சும் கரண்டை எங்காவது செலவழித்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் டர்பைன் ஓவர் ஸ்பீட் எடுக்கும். அதற்காக ஒரு ட்ரம் தண்ணிக்குள் ஹீட்டர் போட்டு வைத்திருந்தோம். பள்ளத்தில் யாருக்கும் பயன்படாமல் அந்தத் தண்ணி வருஷக்கணக்காகச் சுட்டுக்கொண்டிருந்தது. ருவன் அந்த ஆவியைப் பார்த்து, "சிவா, நாங்க டொலரைக் கொதிக்க வைச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது. அடுத்த வாரம் குருவிட்டயிலிருந்து இரண்டு கல் புரோக்கர்கள் த்ரீவீலில் வந்து இறங்கினார்கள். தோட்டத்தில் மைனிங் தொடங்குவதாகக் கேள்விப்பட்டார்களாம். கம்ப்யூட்டரில் எடுப்பது என்று விளக்கினேன். ஒருவர் இன்னொருவரிடம் சிங்களத்தில், "பாரு, நல்ல கல்லு போல. எவ்வளவு பெரிய பொய் சொல்றாங்க" என்றார். தெரு முனையில் பொழுது சாயும் வரை காத்திருந்துவிட்டுத்தான் போனார்கள்.

மெஷின் பார்க்கப் போனது

ருவன் லேப்டாப்பில் ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். டெராஹாஷ் என்றார், சிப் என்றார், ஜெனரேஷன் என்றார். இருப்பதிலேயே பெரியதை வாங்கவேண்டும் என்பது அவர் ஆசை. தண்ணி ஓட்டிச் சூட்டை ஆற்றும் மொடல் ஒன்றும் அவர் கண்ணில் பட்டிருந்தது.

எனக்கு அந்தப் பெயர்கள் புரியவில்லை. "சார், அது எத்தனை வாட்? என்ன வோல்டேஜ்? சூட்டை எந்தப் பக்கம் தள்ளும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

எங்கள் டர்பைன் பலகையில் பத்து கிலோவாட் என்று எழுதியிருக்கும். நல்ல மழையில் எட்டு வரும். மாசி, பங்குனியில் பாதி வந்தால் பெரிய விஷயம். பெரிய மெஷின் ஒன்றே அந்தப் பாதியைத் தின்றுவிடும். கடைசியில் காற்றில் ஆறும் நடுத்தர மொடல் என்று முடிவானது. அதுவும் மூவாயிரத்துச் சொச்சம் வாட். இரவும் பகலும் ஓடுவது.

வாட்டை மட்டும் பார்த்தால் போதாது என்று ருவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதே கரண்டில் புது மெஷின் அதிகம் எண்ணும், பழையது குறைவாக எண்ணும். போர்டு கரண்டுக்குக் காசு கட்டுகிறவன் பழைய மெஷின் வாங்கினால் கை நஷ்டம். நமக்குத் தண்ணி சும்மா வருவதால் பழையது போதும் என்றார். தண்ணி சும்மா வருகிறது என்று அவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

கொழும்பில் ஒரு மாடி வீட்டில் பாவித்த மெஷின் விற்பனைக்கு இருந்தது. விற்பவர் வங்கியில் வேலை செய்யும் இளைஞர். அறைச் சுவர் முழுக்க மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தார்.

"சத்தம் எப்படி?" என்று ருவன் கேட்டார்.

"மழை பெய்யற மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

சுவிட்சைப் போட்டார். தகரக் கூரை மேல் ஆலங்கட்டி கொட்டுவது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு மூவரும் கையால்தான் பேசினோம். நான் ஆம்பியர் பார்த்தேன், பின்பக்கக் காற்றில் கை வைத்துச் சூடு பார்த்தேன், ஃபேன் பிளேடையும் துரு பிடித்த இடத்தையும் பார்த்தேன். உள்ளே இருக்கும் மூன்று போர்டும் எண்ணுகிறதா என்று ருவன் ஸ்கிரீனில் பார்த்தார். உடனே எடுக்காமல், நன்றாகச் சூடேறும் வரை ஓடவிட்டோம். ஆறிக் கிடக்கும்போது எல்லா மெஷினும் யோக்கியம்தான்.

நிறுத்திய பிறகு, "ஏன் தம்பி விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வைஃப் கேட்டாங்க, நான் வேணுமா இது வேணுமான்னு."

"எப்ப கேட்டாங்க?"

"போன வருஷம்" என்றார்.

வயர் இழுத்தது

மெஷினை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் சுற்றினோம். ஆபீஸுக்குப் பக்கத்தில் வைத்தால் கிளார்க் ஐயா வேலையை விட்டுவிடுவார். டர்பைன் ரூமில் வைத்தால் ஈரம். கடைசியில் பழைய ஸ்மோக் ஹவுஸ் ஞாபகம் வந்தது. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காய வைக்கும் கட்டடம் அது. பாலை அப்படியே வெளியே விற்கத் தொடங்கிய பிறகு சும்மா பூட்டிக் கிடந்தது. தடித்த சுவர், கூரையில் புகை போக்கி, உள்ளே வரிசையாகக் கம்புகள். முன் அறையில் மெஷினை வைத்தால் அது முன்னாலிருந்து குளிர் காற்றை இழுத்து, சூட்டை உள் அறைக்குத் தள்ளும். அங்கிருந்து கூரை வழியாகப் போய்விடும். லயம் பக்கத்தில்தான். ஆனால் சுவர் சத்தத்தை விழுங்கியது.

டர்பைனிலிருந்து மேட்டுக்குத் தனிக் கேபிள் இழுத்தேன். தூரம் போகப் போக வோல்டேஜ் விழும் என்பதால் தேவைக்கு மேல் தடிப்பாகவே போட்டேன். தனி பிரேக்கர், தனி எர்த். எங்கள் பக்கம் இடி சும்மா விடாது, அதற்கும் ஒரு அரெஸ்டர். எர்த் ராட் இறக்கத்தான் பெரிய பாடு. செம்பாறை மாதிரி இறுகிய கபுக் கல்லில் அடித்து அடித்து என் தோள் கழன்றுவிட்டது. "தோண்ட வேணாம்னு சொன்னீங்களே சார்" என்றேன். ருவன் சிரித்துக்கொண்டே சம்மட்டியை வாங்கி அவரும் நாலு அடி அடித்தார்.

மெஷின் ஓடியது. ருவன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "வருது சிவா" என்றார். ஸ்கிரீனில் ஒரு சைபர், புள்ளி, பிறகு நிறையச் சைபர்கள், கடைசியில் ஏதோ ஒரு எண். வந்ததென்று அவர் சொன்னதால் வந்ததென்று எடுத்துக்கொண்டேன்.

வாளிகள்

மாசி பிறந்து ஓடை இளைத்தது. பம்பும் மெஷினும் சேர்ந்து ஓடக் கரண்ட் போதவில்லை. பம்ப் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வோல்டேஜ் விழுந்து மெஷின் நின்றுவிடும். பகல் வெயிலில் மெஷினுக்கு எப்படியும் சூடு தாங்காது, அதனால் பம்பை மத்தியானத்தில் மட்டும் போடலாம் என்று ருவன் சொன்னார். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. நானும் அப்படியே செய்தேன்.

மூன்றாம் நாள் காலை ஸ்மோக் ஹவுஸ் வாசலில் லயத்துப் பெண்கள் காலி வாளிகளோடு நின்றார்கள். முன்னால் புஷ்பம். பால் வெட்டுபவள், மாதர் சங்கத் தலைவி. சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் போடவில்லை.

"சிவா அண்ணே, டேங்கில தண்ணி இல்ல. பிள்ளைங்க மூஞ்சி கழுவாம ஸ்கூலுக்குப் போகுதுங்க. இந்த மெஷினுக்குக் கரண்ட் குடுக்கறதால தான்னு சொல்றாங்க. இது என்னா மெஷின்ங்க?"

நான் பதில் தேடுவதற்குள் ருவன் வந்துவிட்டார். பொறுமையாக விளக்கினார். உலகம் முழுக்க இந்த மாதிரி மெஷின்கள் ஒரு நம்பரை ஊகித்துக்கொண்டே இருக்கும், சரியாக ஊகித்த மெஷினுக்குக் காயின் கிடைக்கும் என்றார்.

"அப்ப லொத்தர் சீட்டு மாதிரிங்களா சார்?"

"லொத்தர் இல்ல புஷ்பம். நாங்க தனியா ஆடல. நிறையப் பேர் சேந்து எடுத்து, கிடைக்கிறதைப் பிரிக்கிறோம்."

"சேந்து எடுக்கிற லொத்தர்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

ருவன் அதற்குத் தலையாட்டிவிட்டார்.

புஷ்பம் சொன்னாள்: "நாளைக்கு வெட்டுக்கு வரமாட்டோம்னு நாங்க சொல்லல சார். குளிக்காம கொள்ளாம எப்படி வர்றதுன்னுதான் கேக்கறோம்."

நல்ல வெயில் காலம். மழை இல்லாமல் மரங்களில் தினமும் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் வெட்டு நின்றால் என்ன ஆகும் என்று ருவனுக்குத் தெரியும். அந்த மெஷின் மாதக்கணக்கில் எண்ணினாலும் அதை ஈடுகட்டாது என்பதும் தெரியும். காலி வாளிகளைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் "ஹரி" என்று ஒத்துக்கொண்டு, "சிவா, பம்பைப் போடுங்க. இனி விடியக் காலம் பம்ப் முதல்ல" என்றார்.

பெண்கள் போன பிறகு என்னிடம் கேட்டார்: "பம்ப் ஓடும்போது எவ்வளவு மிஞ்சும்?"

"மெஷினுக்குப் பாதிதான் சார்."

"அப்ப மெஷினைப் பாதி ஆக்குவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மோட்டரைப் பாதி ஆக்க முடியுமா? அவர் லேப்டாப்பில் ஏதோ மாற்றினார். ஃபேன் சத்தம் இறங்கியது. நான் நம்பாமல் கேபிளில் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். ஆம்பியரும் இறங்கியிருந்தது. இந்த வயதில் இப்படியொரு மெஷினை நான் பார்த்ததில்லை. என் பங்குக்கு, பம்ப் கரண்டை ஒரேயடியாக இழுக்காமல் மெதுவாக எழும்ப ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டினேன். அதன் பிறகு லயம் குளித்தது போக மிஞ்சியதில்தான் பிட்காயின் ஓடியது.

மழைக்காலம்

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடை நிறைந்தது, டர்பைன் முழு வேகத்தில் சுற்றியது, மெஷினும் முழுசாக ஓடியது. ஆனால் மழையில் பால் வெட்ட முடியாது. அந்த மாதம் தோட்டத்தில் ஒழுங்காக வேலைக்கு வந்தது மெஷின் ஒன்றுதான்.

ஒரு நாள் உள் அறைக் கதவைத் திறந்த நான் அப்படியே நின்றேன். ரப்பர் ஷீட் தொங்கிய கம்புகளில் வெள்ளை ஸ்கூல் கவுன்களும் சட்டைகளும் வரிசையாகத் தொங்கின. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ஒரு துணி காய நாலு நாள் ஆகும். அதற்குள் நாற்றம் பிடித்துவிடும். அங்கே ராத்திரி போட்டது காலையில் மொறுமொறுவென்று இருந்தது. பின்கதவுச் சாவி புஷ்பத்திடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பஞ்சு பறந்து ஃபேனில் அடைக்கக்கூடாதென்று நடுவில் கொசுவலை மட்டும் அடித்துக் கொடுத்தேன்.

சில மாதத்தில் காயின் விலை இறங்கியது. ஊகிக்க வேண்டிய நம்பரும் கஷ்டமாகிவிட்டதாம். வருவது ஃபேன் மாற்றவும் காணாது, நிறுத்திவிடலாம் என்று ருவன் சொன்னார். மறுநாளே வாசலில் பெண்கள்.

"மெஷினை நிப்பாட்ட வேணாம் சார்" என்றாள் புஷ்பம்.

"புஷ்பம், அதுல இப்ப ஒண்ணும் வர்றதில்ல."

"யார் சார் சொன்னது வர்றதில்லன்னு?"

ருவன் உள்ளே போய்க் கம்புகளைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சுவிட்சில் கை வைக்காமல் பங்களாவுக்கு நடந்தார்.

இப்போது தெரிந்த பையன்கள் போன் செய்து, எந்த மெஷின் வாங்கலாம் அங்கிள் என்று கேட்கிறார்கள். ஹாஷ் பற்றி நான் சொல்வதில்லை, அது அவர்களுக்கே தெரியும். வாட்டைப் பார், கேபிளைத் தடிப்பாய்ப் போடு, எர்த்தை ஒழுங்காய் இறக்கு என்கிறேன். அந்தக் கரண்டில் இன்று யார் சமைக்கிறார்கள், யார் குளிக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறேன். பாதிப் பேர் அதோடு போனை வைத்துவிடுகிறார்கள்.

நான் ரிட்டயர் ஆகும் சமயம் ருவன் கொழும்புக்குப் போய்விட்டார். புது மெனேஜரை நான்தான் தோட்டம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஸ்மோக் ஹவுஸில் புஷ்பம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெனேஜர் காதைப் பொத்திக்கொண்டு, "இது என்ன மெஷின்?" என்று கத்தினார்.

"உடுப்புக் காய வைக்கிற மெஷின் சார்" என்றாள் புஷ்பம். கையிலிருந்த கவுனை மடித்து முடித்துவிட்டு, "இடைக்கிடை காசும் வருமாம்" என்றாள்.