அண்ணனைக் கூப்பிட்ட வேலை

ரங்கூனில் ஒரு மர ஆலைத் துரைமார் எனக்குச் சம்பளம் கொடுத்தது பந்து உதைக்க. பேருக்குத்தான் கிடங்குக் காவல். மழைக்காலம் வந்தால் சனிக்கிழமைதோறும் ஆலையின் அணியில் முன்வரிசையில் நின்று கோல் போட வேண்டும். ஃபார்வர்டு என்பார்கள். அந்த வேலைக்கு முதலில் கூப்பிட்டது என் அண்ணனை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், குடியிருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. மழை பொய்த்துக் கிணறு வறண்டபோது, அண்ணனும் நானும் பெரியாற்றில் அணை கட்டும் வேலைக்கு மலையேறினோம். அவன் கல் உடைத்தான். நான் சுண்ணாம்பு சுமந்தேன். அங்கே நீராவி எந்திரங்களைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார ஃபிட்டர் ஒருவர் தோல் பந்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார் ஆடுவார்கள். காய்ச்சலில் ஆள் குறையும்போது எங்களைக் கூப்பிடுவார்கள்.

அண்ணன் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். இடது காலில் பந்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஓடுவான். இரண்டு பேரைத் தாண்டி எனக்குத் தள்ளிவிடுவான், நான் உதைப்பேன். என் ஆட்டம் அவ்வளவுதான்.

ஃபிட்டருக்கு ரங்கூன் ஆலையில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் அண்ணனிடம் வந்து, "நீ வா. ரங்கூன். பந்து மட்டும். நல்ல சம்பளம்" என்றார். அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஊருக்கு இறங்கிப் போனான். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னான்:

"ஏலே, நீ போ. தொரைகிட்டச் சொல்லிட்டேன்."

"உன்னையத்தானண்ணே கூப்பிட்டாக?"

"உம் மதினி பிள்ளத்தாச்சி. அவள விட்டுட்டு நான் எங்கிட்டுப் போறது? உனக்கு என்ன, ஒத்தக்கட்ட. போ."

ஃபிட்டருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அழைத்துப் போனார். அம்மையநாயக்கனூரில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பலேறினோம்.

ரங்கூனில் நான் வெறுங்காலோடு ஆடினேன். பூட்ஸ் போட்டவர்கள் சேற்றில் வழுக்கி விழ, நான் நுழைந்து போய்விடுவேன். துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கும் நம் ஆட்கள் வேலைக்கு நடுவில் வந்து, மைதானத்துக்கு வெளியே நனைந்தபடி நின்று "நம்மாளு, நம்மாளு" என்று கத்துவார்கள். ஆட்டம் முடிந்து நான் போர்வை போர்த்தித் தேநீர் குடிப்பேன். அவர்கள் மறுபடி மூட்டைக்குப் போவார்கள். அவர்கள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அண்ணனின் முதுகு தெரியும். அதே மழையில் அவன் மலைமேல் கல் உடைத்துக்கொண்டிருந்தான்.

சில வருஷம் கழித்து ஊருக்கு வந்தேன். அண்ணன் வீட்டுக்குள் படுத்திருந்தான். மலைக்காய்ச்சல் விட்டு விட்டு வந்து, வயிறு வீங்கி, கை கால் குச்சியாகிவிட்டது. அவன் மகள் என்னைக் கண்டு மதினியின் பின்னால் ஒளிந்தாள். எங்களைப் பெற்ற அய்யா என்னைப் பற்றி ஊரெல்லாம் கப்பல் ஆபீஸில் உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தார். பெட்டியிலிருந்து பந்தை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"இதுக்கா சம்பளம் குடுக்குறாக?"

நான் பந்தை மறுபடி பெட்டிக்குள் வைக்கப் போனேன். அண்ணன்தான் சிரித்துக்கொண்டு எழுந்தான். "காட்டுலே, பாப்போம்."

கோயிலுக்குப் பின்னால் இருந்த தரிசில் ஓட்டிக் காட்டினேன். கூடிய சனம் சிரித்தது. சுவரைப் பிடித்து நின்ற அண்ணன், "இங்கிட்டுத் தள்ளு" என்றான். தள்ளினேன். இடது காலால் ஒரே உதை. நான் கால் நீட்டுவதற்குள் பந்து என்னைத் தாண்டிப் போய்விட்டது. சனம் ஆர்ப்பரித்தது. அவன் மூச்சு வாங்கி அங்கேயே உட்கார்ந்தான்.

"அங்கன எவனாச்சும் இப்பிடித் தள்ளுவானாலே?"

"இல்லண்ணே."

"பெறகு நீ எப்பிடிக் கோல் போடுற?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்கூட ரங்கூனுக்கு வாண்ணே. பெரிய ஆஸ்பத்திரி இருக்கு" என்றேன்.

"இந்த வயித்தத் தூக்கிக்கிட்டா? போலே. நீ ஒழுங்கா ஆடு."

அவன் சொன்னபடி ஆடினேன். அந்த மழைக்காலத்தைப் போல் நான் வேறெப்போதும் ஆடியதில்லை. பட்டாளத்துக்காரர்களைத் தோற்கடித்த அன்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மழை விட்ட பிறகு, ஜவுளி கொண்டுவந்த உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் ஆலை வாசலில் என்னைத் தேடி வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, உங்கண்ணன் போயிட்டாகப்பா" என்றார். எந்தக் கிழமை என்று அவருக்குத் தெரியவில்லை. நல்லவேளை. தெரிந்திருந்தால் அது என்னைத் தோளில் தூக்கிய அந்தச் சனிக்கிழமைதானா என்று கணக்குப் போட்டே செத்திருப்பேன்.

அடுத்த மழையில் ஒரு சிப்பாயின் பூட்ஸ் என் முழங்காலை உடைத்தது. நொண்டுகிறவனுக்குக் கிடங்குக் காவல்கூட இல்லை என்றார்கள். ஊருக்குத் திரும்பி, அண்ணன் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுதேன். அதற்குள் அணை முடிந்து, மலையைக் குடைந்து பெரியாற்றுத் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. "அண்ணன் குடும்பத்தத் தாங்குறான், மகராசன்" என்று ஊர் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசும்.

ஒருநாள் நடவின்போது வாயைத் திறந்தேன். "மதினி, அந்தத் தொர மொதல்ல கூப்பிட்டது அண்ணனத்தான். நான் போயிருக்கக் கூடாது."

மதினி கையிலிருந்த நாற்றைச் சேற்றில் ஊன்றினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"தெரியும் தம்பி. எங்கிட்ட வந்து சொன்னாக. போறதா இருந்தா தாலியக் கழட்டி வாங்கிட்டுப் போங்கன்னு நாந்தான் அழுதேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வரப்பில் இருந்த நாற்று முடியை எடுத்து அவள் கையெட்டும் தூரத்தில் வைத்தேன். அவள் பிரித்து நட ஆரம்பித்தாள்.