முதுகைப் பார்த்து நடந்த ஊர்கள்

சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு பச்சை நிற மிலிட்டரிப் பைதான். அது என் வீட்டுக்காரரின் முதுகில் இருந்தது. அவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். பைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கட்டடம், அந்தப் பக்கம் கொஞ்சம் கட்டடம். அந்தக் கொஞ்சத்துக்கே எனக்கு வாய் பிளந்துவிட்டது.

அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமானதிலிருந்து அவர் எங்கேயோ பனியில் நின்றார், நான் இங்கே மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குச் சாப்பிட்டேன். வந்தவர் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “கடல் தாண்டி நாலு ஊரு பாத்துட்டு வருவமா?” என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து, “போவமே, யாரு வேண்டாம்னா” என்றேன். மனுஷர் மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்துவிட்டார்.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது தெருவே எங்கள் வாசலைப் பார்த்து நின்றது. எதிர்வீட்டம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். பதற்றமானால் இரண்டும் கலந்துவிடும். “அக்கட ஒங்களுக்கு யாரு இருக்காக?” என்று கேட்டார்.

“யாரும் இல்லம்மா.”

“பொறவு எதுக்குப் போறீய? ராமேஸ்வரம் போனாலாவது ஒரு பலன் உண்டு.”

அந்தம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அதற்குள் ஆசை வந்துவிட்டது. சொந்தக்காரர் வீடு இல்லை, கல்யாணம் இல்லை, சாவு துஷ்டி இல்லை, கோயில் இல்லை. சும்மா பார்ப்பதற்காக மட்டும் ஓர் ஊருக்குப் போவது! எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு காரியம் யாரும் செய்ததில்லை.

பெட்டி வேண்டாம், ஆளுக்கொரு முதுகுப் பை போதும் என்று சொல்லிவிட்டார். சேலைக்கு மேல் பையை மாட்டினால் முந்தானை எங்கே போகும் என்று பட்டாளத்தில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஊக்கு மேல் ஊக்கு குத்தி, காலில் கேன்வாஸ் ஷூ போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு பொட்டலத்தை உள்ளே திணித்துக்கொண்டு கிளம்பினேன். என் சித்தி மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் பக்கம் புருஷன் முன்னால் போவார், பெண்டாட்டி பின்னால் போவாள். சேர்ந்து நடந்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். புருஷன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாலோ கேலி பேசியே ஒரு வழி செய்துவிடுவார்கள். திரும்பிப் பார்க்க அவசியமும் இருந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேரோட்டக் கூட்டத்தில்கூட நான் அவரைத் தவறவிட்டதில்லை. விட்டாலும், தெரிந்த முகம் ஒன்று, “அவிய அந்தப் பக்கமா போனாவ” என்று கை காட்டும். ஊரே சேர்ந்து என்னை அவர் பின்னால் அனுப்பிவைக்கும்.

அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் வெளிநாட்டில் இறங்கினோம். சிங்கப்பூரில் ரயில் கதவு தானாகத் திறந்தது. அவர் முதுகு உள்ளே போனது, நானும் போனேன். மலாக்காவில் வெயில் பட்டுச் சிவந்து நின்ற சுவர்களை நின்று பார்க்க ஆசைப்பட்டேன். நின்றால் பை கூட்டத்தில் மறைந்துவிடும். தெருவைக் கடக்கக் காலை வைத்தபோது ஒரு கார் எனக்காக நின்றது. எனக்காக! ஓட்டியவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் சொல்ல நிமிர்ந்தால் அவர் அடுத்த தெருவில் இருந்தார். பாஸ்போர்ட் இரண்டும், பணமும், திரும்பும் டிக்கெட்டும் அவர் பையில் இருந்தன. அந்த முதுகை விட்டுவிட்டால் நான் யார் என்று சொல்லக்கூட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் ஓடினேன்.

பட்டர்வொர்த் என்ற ஊரிலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரியில் போக வேண்டும். ஃபெர்ரி என்றால் படகு என்று நினைத்திருந்தேன். அது மாடி வைத்த வீடு மாதிரி இருந்தது. காரும் லாரியும் கீழே ஏறுகின்றன, ஜனங்கள் மேலே ஏறுகிறார்கள். காசு கட்டி உள்ளே வந்து காத்திருந்த கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். எனக்கு ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. குனிந்து முடிந்துவிட்டு நிமிர்ந்தேன். கதவை மூடிவிட்டார்கள். பச்சைப் பை அந்தப் பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

“ஏங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை. தெருவில் புருஷனைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பழக்கமிருந்தால்தானே! அவர் திரும்பவில்லை. அவர் எப்போது திரும்பியிருக்கிறார்? ஃபெர்ரி நகர்ந்தது. பயத்தோடு கோபமும் வந்தது. இத்தனை வருஷத்துக் கோபம் என்று இப்போது தோன்றுகிறது.

கதவருகே நின்றிருந்த ஊழியர் நம் ஆள், தமிழ் பேசினார். “இங்கேயே இருங்கம்மா. அவரே திரும்பி வருவாரு. ரெண்டு பேரும் தேடினா ரெண்டு பேரும் தொலைஞ்சிடுவீங்க” என்றார். தங்கமான யோசனை. இருபது நிமிஷம் அந்தச் சொல்லைக் கேட்டு நின்றிருப்பேன். ஆனால் அடுத்த ஃபெர்ரி வந்து கதவு திறந்ததும் என் கால் நிற்கவில்லை. அவர் வந்து என்னைக் கூட்டிப்போவதாவது, நானே போகிறேன் என்று ஏறிவிட்டேன்.

மேல்தளத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபெர்ரி கரையை விட்டு விலகியது. எனக்கு முன்னால் யாரும் இல்லை.

எப்படிச் சொல்ல? மேற்கே மலை. மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியன். எங்கள் ஊரில் தினமும் மாடியில் துணி எடுக்கும்போது பார்ப்பதுதான். ஆனால் எனக்கும் அந்த மலைக்கும் நடுவில் வயலும் தோப்பும் இருக்கவேண்டிய இடத்தில் கடல் கிடந்தது. அம்புட்டும் தண்ணீர், அம்புட்டும் பொன் நிறம். மலையடியில் ஓர் ஊர் முழுசாகத் தெரிந்தது. பாதி மறைக்காமல், ஓரத்தை வெட்டாமல், முழுசாக. கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் என்னைப் பார்த்துத் தானும் தலையைக் குனிந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு என் வீட்டுக்காரர் ஞாபகமே இல்லை.

நடுக்கடலில் எதிரே இன்னொரு ஃபெர்ரி வந்தது. அதன் முன்பக்கத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். கண் நான் விட்டுவந்த கரை மேலேயே இருந்தது. பக்கத்தில் போகிற என்னைப் பார்க்கவில்லை. என் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. “ஏங்க! இங்க பாருங்க!” என்று கத்தினேன். அந்தத் தளத்திலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவரும் திரும்பினார். என்னைப் பார்த்தார். இரண்டு ஃபெர்ரியும் ஒன்றையொன்று கடந்தன. அவர் ஓடத் தொடங்கினார். ஆட்களை விலக்கிக்கொண்டு, பை இடிக்க, அந்த ஃபெர்ரியின் பின்பக்கத்துக்கு ஓடினார். அதற்கு மேல் ஓட இடமில்லாத இடத்தில் நின்று, கையைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன உருவமாகி மறையும்வரை கையை இறக்கவில்லை. எல்லையில் பதினெட்டு வருஷம் நின்ற ஆள். அவருக்கு இப்படிப் பயப்படத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தீவில் இறங்கியதும் நான் அசையவில்லை. வாசலிலேயே நின்றேன். அவர் அங்கே போய் மறுபடி ஏறி இந்தக் கரைக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. திட்டுவார் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

“நான் திரும்பிப் பாக்கலட்டி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “நீ முன்னால நட.”

“வழி தெரியாதே.”

“எனக்கு மட்டும் தெரியுமாக்கும்.”

நடந்தேன். வலதா இடதா என்று நானே முடிவு செய்தேன். தூண் வைத்த நடைபாதைகள், மீன் பொரிக்கும் வாசம், ஊதுபத்தி புகையும் சீனக் கோயில், அதற்குக் கொஞ்ச தூரத்தில் பூக்கட்டி விற்கும் தமிழ்ப் பெண்கள். எதற்கும் நான் தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் எனக்கு நேரே வந்து நின்றது. கால் தரையில் பாவாமல் போய்க்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து மூச்சு வாங்கும் குரல் கேட்டது. “ஏட்டி, செத்த மெல்லப் போ. எம்புட்டு வேகமா நடக்க.”

காதில் விழாதது மாதிரி ஒரு தெரு முழுக்க நடந்தேன். அப்புறம் நின்று திரும்பி, இரண்டு பையோடும் அவர் என் பக்கத்தில் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.