தெற்குச் சுவருக்கு முதுகு காட்டாதே

அந்தச் சம்மட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. சம்மட்டி என்ன செய்யும், வீசிய வழியில் போகும். வீசியவன் மேலும் வீசச் சொன்னவர் மேலும்தான் கோபம்.

ஐம்பதுகளின் கடைசியில், மழை ஏமாற்றிய ஒரு வருஷம், வெம்பக்கோட்டைப் பக்கம் காடு கரை உள்ள ஒரு பெரிய சம்சாரியின் கிணற்றை ஆழப்படுத்தப் போனோம். அடியில் பாறை. வெடி வைக்கத் துளை போட வேண்டும். ஒருவன் குந்தி உட்கார்ந்து நீளமான உளியை இரண்டு கையாலும் பிடிக்க, இன்னொருவன் நின்று அதன் தலையில் சம்மட்டியால் அடிப்பான். பிடிக்கிறவன் நான். அடிக்கிறவன் என் மனைவியின் தம்பி. எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். அக்காள் புருஷன் கை என்றால் பார்த்து அடிப்பான் என்று மைத்துனனிடம்தான் சம்மட்டியைக் கொடுப்பார்கள்.

ஆனாலும் எனக்குப் பயம்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன். இந்த விரல்கள் போனால் வேறு பிழைப்பு கிடையாது. இறங்குமுன் அவனை விசாரிக்காமல் விடமாட்டேன்.

“ராத்திரி நல்லாத் தூங்குனியா மாப்ளே?”

“தூங்குனேன் மச்சான்.”

“கண்ணு செவந்திருக்கே.”

“நீங்க இப்படி மொறச்சுப் பாத்தா செவக்காம என்ன செய்யும்? பேசாம உக்காருங்க.”

உட்கார்ந்தபின் நான் பார்ப்பது சம்மட்டியை இல்லை, அவன் பாதங்களை. பாதம் திரும்பிய பக்கம் இடுப்பு திரும்பும், இடுப்பு போன பக்கம் தோள் போகும், தோள் இழுத்த வழியில்தான் சம்மட்டி இறங்கும். இரண்டு பாதமும் உளிக்கு நேராக இருந்தால் அடி உச்சந்தலையில் விழும். கொஞ்சம் கோணினாலும் என் மணிக்கட்டுக்கு வந்துவிடும்.

சம்சாரியின் வீட்டம்மா இருக்கன்குடி அம்மன் கோயிலிலிருந்து ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்து, கிணற்றின் தெற்குச் சுவர்ப் பொந்தில் பூசாரி ஆத்தாளாக வைத்த ஒரு கல்லுக்குச் சாத்தியிருந்தார். எங்கள் துளையோ வடக்குச் சுவரை ஒட்டி; அடிக்கிறவன் தெற்கே முதுகு காட்டித்தான் நிற்க முடியும். ஒருநாள் மதியம் சம்சாரி மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏலே, ஆத்தாளுக்குப் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு நிக்கயே, தண்ணி எப்படிலே ஊறும்? திரும்பி நில்லுலே!”

என் மைத்துனன் உடனே இடது காலைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சைப் பாதி தெற்கே திருப்பிக்கொண்டு ஓங்கினான். சம்மட்டி குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து உளியின் ஓரத்தை உரசிப் போனது. காற்று என் கையில் பட்டது.

“நேரா நில்லு மாப்ளே.”

“சாமி குத்தமாயிரும் மச்சான்.”

நான் மேலே பார்த்துக் கத்தினேன். “அய்யா, ஆத்தாள வடக்குச் சொவத்துக்கு மாத்தி வைங்க. இல்லாட்டி இவன் நேரா நிக்கட்டும். எனக்குக் கை போயிரும்!”

“பூசாரி வச்ச எடம்லே அது. ஒன் கைக்காக ஆத்தா எடம் மாறுவாளா? இம்புட்டுப் பயந்தவனுக்குக் கெணத்து வேல எதுக்கு?”

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். என் மைத்துனனும் சிரித்தான்.

அடுத்த அடியில் என் விரல் முட்டியில் தோல் கழன்றது. உளியைப் போட்டுவிட்டு ஏறி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் என் இடத்தில், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை போய்ச் சும்மா நின்ற ஒருவரை உட்காரவைத்தார்கள். பாவம், எதைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்த வாரமே இரண்டு விரல்கள் நசுங்கி, சாத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பிடித்தவன் கை ஆடிவிட்டது என்று சம்சாரி ஊரெல்லாம் சொன்னார். மைத்துனனும் என்னிடம் வந்து அதையே சொன்னான்.

“அவரு கை ஆடிருச்சு மச்சான்.”

“ஒன் காலு எங்கன இருந்துச்சு, அதச் சொல்லு.”

ஆத்தாள் யார் விரலையும் கேட்கவில்லை. கேட்டது ஒரு மனுஷனின் வீம்பு. எடுத்துக் கொடுத்தது இவன்.

ஒரு மாதம் கழித்து, ஆலங்குளம் பக்கம் இன்னொரு கிணற்றுக்குக் கூப்பிட வந்தான்.

“அங்கன எப்படி நிப்பே?” என்றேன்.

தலையைச் சொறிந்தான். “மொதலாளி எப்படிச் சொல்றாகளோ, அப்படித்தான மச்சான்?”

“போலே வெளியே!” என்று கத்தினேன். என் மனைவி, “சோறு தின்னுட்டாவது போகட்டும்” என்று அவனுக்கு வட்டில் எடுத்துவைத்தாள். அவன் தின்று முடிக்கும்வரை நான் தெருவில் நின்றேன்.