அவர் வர்ணம் அடித்த வளைவு

என் கணவர் இறந்த பதினேழாம் நாள் காலையில், அவருடன் பெயின்ட் வேலை பார்த்தவர் க்யிம்யிண்டைங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்கு அம்மா தமிழ், அப்பா பர்மியர். தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் பேசுவார். காரியம் முடியும்வரை தினமும் வந்து நாற்காலி போட்டவர், பந்தலைப் பிரித்தவர். இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, அண்ணன் செஞ்ச வேலைய நீங்க பாத்திருக்கீங்களா? மாதா கோயில்ல?"

இல்லை என்றேன். நகரத்துக்குள் இருக்கும் அந்தப் பழைய பேராலயத்தை பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செங்கல் நிறத்தில் இரண்டு கோபுரங்கள். உள்ளே போனதில்லை. கல்யாணமான புதிதில் என் கணவர் பல மாதம் அங்கே வேலை என்று போய்வந்தார். சாயங்காலம் காதுமடலில் பச்சை ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"இன்னைக்குப் போலாமா?"

"இப்பவேயா?" என்றாள் நாத்தனார், அடுக்களையிலிருந்து. எனக்கு வீட்டில் இருப்பதும் வெளியே போவதும் ஒன்றாகத்தான் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் போனதிலிருந்து அப்படித்தான் இருந்தேன். படகுத்துறையில் ஒரு கிடங்குக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர், ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நான் அவர்களுக்கு டீ கலந்து கொடுத்தேன். பாங்காக்கில் வேலை பார்க்கும் மகளை, வந்தால் ராணுவக்காரர்கள் திரும்பிப் போகவிடுவார்களோ என்னவோ என்று பயந்து, வரவேண்டாம் என்று நானே சொன்னேன்.

கோயிலில் கரண்ட் இல்லை. வண்ணக் கண்ணாடிகள் வழியாக வந்த வெளிச்சம் மட்டும் தரையில் நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கூட வந்தவர் பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் துடைப்பத்தோடு ஓரமாகப் போனாள். சுவரில் ஏசு சிலுவை சுமக்கும் படங்கள். ஒன்றில் ஒரு பெண் அவர் முகத்தைத் துணியால் துடைக்கிறாள். நன்றாக வரைந்திருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, மனசுக்குள் ஒன்றும் போகவில்லை.

"மேல பாருங்க."

சிவப்பு, வெள்ளை, பச்சை என்று பட்டை பட்டையாக வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பீடத்திலிருந்து மூன்றாவது வளைவைக் காட்டினார். "அந்தத் தூண்லேர்ந்து இந்தத் தூண் வரைக்கும் அண்ணன் கை. வேற யாரையும் தொட விடல."

ஒரு கோடுகூடக் கோணவில்லை.

"அண்ணனுக்கு உயரம்னா பயம், தெரியுமில்ல? சாரத்துல ஏறுறப்ப கண்ண மூடிக்குவாரு. கீழேர்ந்து நான்தான் சொல்லுவேன், இன்னும் நாலு படி, இன்னும் மூணு படின்னு. மேல போயி பிரஷ்ஷ எடுத்துட்டா கை நடுங்காது..."

சொல்லிக்கொண்டே அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அழாதீங்க தம்பி" என்றேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், அவருக்கு உயரம் பயம் என்பது எனக்குத் தெரியாது. மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஏதாவது அசையும் என்று காத்திருந்தேன். கழுத்துதான் வலித்தது.

வெளியே வந்ததும் நல்ல பசி. தெருக்கடையில் உட்கார்ந்து, அரிசிச் சேமியாவில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அவர் ஒன்றுகூட முடிக்கவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். கோயிலுக்குப் போனதைச் சொன்னேன். "உங்கப்பாவுக்கு உயரம்னா பயமாம். இன்னைக்குத்தான் தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரியும்மா. அப்பா சொல்லியிருக்காரு. உங்ககிட்ட சொன்னா வேலைக்குப் போக விடமாட்டீங்கன்னு சொல்லவேணாம்னாரு" என்றாள்.

சரி என்று போனை வைத்தேன். அரிசி களைய உட்கார்ந்தபோது கோபம் வந்தது. மகளிடம் சொல்லத் தெரிந்தவருக்கு என்னிடம் சொல்லத் தெரியவில்லையா என்று வாய்விட்டே கேட்டேன். அவர் போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அப்போதுதான். நாத்தனார் எட்டிப் பார்த்து, யாரோடு பேசுகிறீர்கள் அண்ணி என்றாள். நான் உலையை வைத்தேன்.