ஐயோ எரர்

கர்ர்… டக், கர்ர்… டக் என்று முற்றிய தேங்காயைத் துருவுவதுபோல் ஒரு சத்தம் வரும்; அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சுப் பேச்சு இருக்காது; கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும். அதில் இருந்த ‘ஐ’, ‘ஓ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து நாங்கள் "ஐயோ எரர்" என்றுதான் படிப்போம். ஃப்ளாப்பியில் இருப்பதைப் படிக்க முடியவில்லை என்று அந்த இயந்திரம் அழும் முறை அது.

குமணன்சாவடியில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு என் அக்கா சுமதி படிக்கப் போவாள். வயசுப் பெண் தனியாகப் போகக்கூடாதாம், அதனால் பத்து வயது நான் "தொணைக்கு". அங்கே இருந்தது யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர். எதையும் தட்டச்சு செய்துதான் கேட்க வேண்டும், ஃப்ளாப்பியைச் செருகி ‘மவுண்ட்’ என்று அடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். மவுண்ட் என்றால் பரங்கிமலை என்று நினைத்திருந்த எனக்கும், சென்டரை நடத்திய சாருக்கும் அறிவில் பெரிய வித்தியாசம் இருந்ததாக இன்றுவரை நான் நம்பவில்லை. செருப்பை வெளியே விடச் சொல்வதும் ஏசியைக் கூட்டுவதும்தான் அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அந்த மகானுபாவர் ஃப்ளாப்பி செருகும் டிரைவின் வாயிலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். விடுமுறையில் அது காய்ந்து உள்ளே உதிர்ந்தது. திறந்த அன்று அக்கா முதல் ஆளாகத் தன் ப்ராஜெக்ட் ஃப்ளாப்பியைச் செருகினாள். கர்ர்… டக். ஐயோ. ப்ராஜெக்ட்டைக் காட்டினால்தான் சர்டிபிகேட், அது இருந்தால்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் மாங்காட்டு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சார் வந்தார். டிரைவைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார்.

"வரக்கூடாத நாள்ல வந்து மெஷினத் தொட்டியாம்மா?"

கூடப் படிக்கும் பையன்கள் முன்னால் கேட்டார். எனக்கு அர்த்தம் புரியவில்லை. அக்காவின் முகம் சுண்டிப்போனது மட்டும் தெரிந்தது. அவள் தீட்டுதான் காரணம் என்று நிரூபிக்க, பையன்களின் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக வாங்கி அதே டிரைவில் செருகினார் அந்த மேதை. எல்லாம் ஐயோ. அக்கா, பிரிக்காத பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போடச் சொன்னாள். அதுவும் ஐயோ. புதியதும் படிக்கவில்லையென்றால் கோளாறு டிரைவில் என்பது எனக்கே புரிந்தது. அவள் அதை வெளியே எடுத்து, தகட்டு மூடியை நகர்த்திக் காட்டினாள்: உள்ளே மஞ்சளாகத் தூள், தட்டில் கீறல்.

"சார், பூஜை சந்தனம் உள்ள பூந்துகீது. பஞ்சுல ஸ்பிரிட்டு தொட்டுத் தொடைக்கணும்."

"சாமி சந்தனத்தையா குத்தம் சொல்ற? இன்னொரு காப்பி வெச்சிருக்க இல்ல, அதைக் குடு, போட்டுப் பாப்போம்."

அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "குடுக்க மாட்டேன் சார். நான் வரக்கூடாத நாள்ல வந்தேன்னீங்க. இந்தப் பசங்க டிஸ்க்கும்தான் பூடுச்சி. இவுங்கல்லாம் எந்த நாள்ல வந்தாங்க?"

அறையே சிரித்தது. சர்டிபிகேட் போயிற்று.

"வாயாடிகினு வந்து நிக்கிறியே, தை மாசம் இன்னாடி பண்ணுவ?" என்று அம்மா திட்டினாள். நடந்ததைக் கேட்டபின், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அந்த ஆளுக்கும் ஒரு பழமொழி விட்டாள். எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் அக்கா அந்த இரண்டாவது காப்பியைக் கொடுத்தாள். அவர்கள் இயந்திரம் அதைச் சத்தமில்லாமல் படித்தது. வேலை கிடைத்தது; சர்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை. மாங்காட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இன்று ஃப்ளாப்பியும் இல்லை, டிரைவும் இல்லை, அந்த மாடியில் பிரியாணிக் கடை. சார் மட்டும் அழியவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் செயற்கை நுண்ணறிவு கற்றுத் தருகிறாராம். போன ஆயுத பூஜை முடிந்த வாரம் வேடிக்கை பார்க்கவே படியேறினேன். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் நெற்றியில் சந்தனம், சரியாகக் கேமராவின் மேல். பாடத்துக்காகக் கேமராவை முதலில் திறந்த ஒரு பெண்ணின் திரை இருட்டாக இருந்தது. சார் அவள் பின்னால் போய் நின்று, "நீ என்னம்மா பண்ணின?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் துப்பட்டா முனையால் கேமராவைத் துடைத்தாள். திரையில் சாரின் முகம் தெளிவாக வந்து நின்றது.

ஐயோ.