ஒரு சர்பத்துக்கு ஒரு மோதிரம்

கண்டரமாணிக்கத்தில் குதிரை வண்டிப் பந்தயம். வெள்ளைக் குதிரைதான் வெல்லும் என்றது ஊரே. நான் எஞ்சினியர்; கால்வீச்சு, சாரதி, பழைய வெற்றிகள் என வரிசையாக எடைபோட்டேன். எல்லாமே வெள்ளைக்குத்தான் சாதகம்.

அத்தை மகன் சிரித்தார். "வெள்ளை செயிச்சா உனக்கு ஒரு சர்பத். தோத்தா உன் மோதிரம் எனக்கு. சரியா புள்ள?"

"சர்பத்தை இப்பவே சொல்லி வச்சிருங்க மச்சான்!"

பந்தயம் தொடங்கியது. பாதித் தூரத்தில் நட்டிருந்த கொடியைச் சுற்றித் திரும்பும்போது வெள்ளையின் வண்டிச் சக்கரம் மணலில் இறங்கியது. செவலைக் குதிரை முந்தியது.

"கழட்டு புள்ள!"

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா போட்டுவிட்ட மோதிரம் அது. "ஓடு, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சக்கரம் மணலை விட்டு மேலேற, வெள்ளை மறுபடி பாய்ந்து செவலையை நெருங்கியது. எல்லைக்கோட்டில் வெள்ளை ஒரு தலை அளவே முந்தியது.

சர்பத்தைக் குடித்தபடி விரலிலிருந்த மோதிரத்தைத் திருகிப் பார்த்தேன்: ஒரு சர்பத்துக்காகவா இதைப் பணயம் வைத்தேன்! இப்போதெல்லாம் எதை எடைபோட்டாலும், வென்றால் என்ன வரும், தோற்றால் என்ன போகும் என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன். குதிரையெல்லாம் அதற்கப்புறம்தான்.